விடியக்காலை மூணு மணி அப்டேட்டு - ஒரு கொசுவத்தி

போன மாசம் ஒரு நாள் காலையில, அன்னிக்குப் புடுங்க வேண்டிய ஆணிகளை எண்ணிட்டு உக்காந்திருந்தப்ப ஊர்ல இருந்து அப்பா போன் பண்ணினார்.

"ஏண்டா, கம்ப்யூட்டர்ல அப்டேட் இருக்குன்னு வந்துச்சு, சரின்னு அமுக்கினேன். இப்ப பழைய ஃபைலையே வச்சுக்கவா, புதுசைப் போடவான்னு கேக்குது. நான் என்னடா சொல்லட்டும்?"

"எதையும் அமுக்காதீங்கப்பா. அப்படியே விட்ருங்க, சாயங்காலம் பேசறேன்."

"சாயங்காலம் வரைக்குமா? பென்ஷன் வந்துடுச்சான்னு பேங்க் கணக்கு பாக்கணும்டா."

அப்பா ரிடையர்டு வாத்தியார். எழுபது தாண்டியாச்சு. பென்ஷன், கரண்டு பில்லு, ரயில் டிக்கெட்டு எல்லாமே அந்தப் பொட்டியிலதான். லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டு, "இனிமே இது தன்னைத் தானே பாத்துக்கும், நீங்க கவலையே படாதீங்க"ன்னு பெருமையாச் சொல்லிட்டு வந்தவன் நான். சாயங்காலம் இங்க இருந்தே உள்ள நுழைஞ்சு லாக்கைப் பாத்தா, தன்னைத் தானே பாத்துக்க வேண்டிய வேலை பதினொரு நாளா ஒரு தடவை கூட ஓடலை!

ஏன் ஓடலைங்கறதைக் கடைசியில சொல்றேன். அதைத் தோண்டப் போய்தான் இந்தப் பதிவே வந்துச்சு. வீட்டுல இருக்கற ஒரு பொட்டிக்கு மருந்து எப்பக் குடுக்கறது, யார் குடுக்கறது, யாரைக் கேட்டுக் குடுக்கறது? இந்த மூணு கேள்விக்குப் பின்னாடி நாப்பது வருச வரலாறு இருக்கு மக்கா. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

தூங்காத மிஷினும் தூங்கற மிஷினும்

குறிச்ச நேரத்துக்கு ஒரு வேலையைத் தானா ஓட்டறதுங்கறது புது விஷயமே இல்ல. 1979-ல பெல் ஆய்வுக்கூடத்துல இருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புலயே 'க்ரான்'னு ஒரு நிரல் இருந்தது. அதுக்கு ஒரே வேலைதான். நிமிசத்துக்கு ஒரு தடவை கண்ணு முழிச்சு, கையில இருக்கற பட்டியலைப் பாத்து, இந்த நிமிசத்துல செய்யச் சொன்னது ஏதாவது இருந்தா செஞ்சுட்டு மறுபடியும் படுத்துக்கும். 1987-ல பால் விக்ஸிங்கறவர் அதைத் திருத்தி எழுதினார். லினக்ஸ் உலகத்துல ரொம்ப நாள் புழங்கினது அவரோட க்ரான்தான்.

டெபியன் லினக்ஸ்ல தினசரி வேலைகளுக்குக் குறிச்சு வச்ச நேரம் காலை 6:25. சர்வர்களுக்கு இது பிரமாதமான நேரம். யாரும் வேலைக்கு வந்திருக்க மாட்டாங்க, மிஷின் மட்டும் முழிச்சுட்டு இருக்கும். ஆனா எங்கப்பா ராத்திரி ஒம்பதரைக்குப் பொட்டியை அணைச்சு, சுவத்து ஸ்விட்சையும் அணைச்சு, ஒரு தடவை திரும்பி வந்து பாத்துட்டுத்தான் படுப்பார். 6:25-க்கு அவர் வாக்கிங்ல இருப்பார். பொட்டி செத்த மாதிரி கிடக்கும். க்ரானுக்கு "அடடா, நேத்து விட்டுப் போச்சே"ங்கற நினைப்பே கிடையாது. அந்த நிமிசம் போச்சுன்னா போச்சு.

வீட்டுக் கணினிக்கும் சர்வருக்கும் உள்ள அடிப்படை வித்தியாசமே இதுதான். சர்வர் தூங்காது, வீட்டுப் பொட்டி தூங்கும். இதுக்காகவே தொண்ணூறுகளோட பின்பாதியில 'அனாக்ரான்' வந்துச்சு. அது மணியைப் பாக்காது, நாளை எண்ணும். கடைசியா என்னிக்கு ஓடுச்சுன்னு ஒரு குறிப்பு எழுதி வச்சுக்கும். பொட்டியைத் திறந்ததும், "ஒரு நாள் தாண்டிடுச்சு, சரி, அஞ்சு நிமிசம் கழிச்சு ஆரம்பிக்கறேன்"னு வேலையைப் பாக்கும். அந்த அஞ்சு நிமிசம் கூட, பொட்டி திறந்த உடனே எல்லாத்தையும் ஓட்டி மூச்சுத் திணற வச்சுடக் கூடாதுங்கற கரிசனம்தான்.

ஆக, 'எப்ப ஓட்டறது'ங்கறதுக்குக் கருவி தயார். ஆனா எதை ஓட்டறது?

பத்திரிகை சிடியில இருந்து பொதி வரைக்கும்

தொண்ணூறுகள்ல நம்ம வீட்டுப் பொட்டிகளுக்கு அப்டேட்டுன்னா என்ன? கம்ப்யூட்டர் பத்திரிகையோட வர்ற சிடி. இல்லைன்னா பக்கத்து வீட்டு அண்ணன் குடுக்கற ஃபிளாப்பி. வாங்கின மென்பொருள் வாங்கின மாதிரியே கிடக்கும், அதுல இருக்கற ஓட்டையும் அப்படியே கிடக்கும். வெளியுலகத் தொடர்பே இல்லாத பொட்டிக்கு அதனால பெரிசா ஆபத்தும் இல்ல. வைரஸே ஃபிளாப்பியில நடந்து வந்தாத்தான் உண்டு.

இணையம் வந்ததும் கதை மாறிடுச்சு. 1998-ல விண்டோஸ் 98-ஓட 'விண்டோஸ் அப்டேட்'ங்கற தளம் வந்தது. நாமளே போயிப் பாத்து, நமக்கு வேணுங்கறதைத் தேர்ந்தெடுத்து இறக்கணும். 2000-ல வந்த விண்டோஸ் மீ-யிலதான் 'ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' முதல் முதலா எட்டிப் பாத்தது. பொட்டியே போய் என்ன புதுசுன்னு பாத்துட்டு வந்து நம்மகிட்டச் சொல்லும். விண்டோஸ் மீ-யை இன்னிக்கு யாரும் மரியாதையா நினைச்சுப் பாக்கறதில்ல. ஆனா இந்த ஒரு விஷயத்துக்காக அதுக்கு ஒரு நன்றி சொல்லலாம் :-)

அதே சமயத்துல லினக்ஸ் பக்கம் வேற மாதிரி ஒரு வேலை நடந்துட்டு இருந்தது. 1999 மார்ச்சுல வந்த டெபியன் 2.1-ல 'ஏபிடி' சேந்துச்சு. நம்ம பொட்டியில இருக்கற எல்லா மென்பொருளும் பொதி பொதியா ஒரே களஞ்சியத்துல இருந்து வரும். எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணைன்னு கணக்குப் போட்டு, ஒரே கட்டளையில மொத்தப் பொட்டியையும் புதுசாக்கிடும். எழுதற செயலி, படம் பாக்கற செயலி, உலாவின்னு தனித்தனியா ஆளுக்கு ஒரு பக்கம் ஓட வேண்டாம்.

ரெட் ஹாட் குடும்பத்துல இதே வேலையைப் பண்ணினது 'யம்'. அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில கணினிகளைப் பாத்துக்கிட்டிருந்த சேத் விடாலும் மைக்கேல் ஸ்டென்னரும், யெல்லோ டாக் லினக்ஸ்ல இருந்த ஒரு கருவியை மாத்தி எழுதி யம்-ஐ உருவாக்கினாங்க. இறக்கறதும் துணைப் பொதி தேடறதும் கையால பண்ணி முடியாதுன்னு பிறந்த கருவி அது. சேத் விடால் 2013 ஜூலையில சைக்கிள்ல போறப்ப கார் மோதி இறந்துட்டார். அவர் எழுதின கருவியை ராத்திரி வேளையில தானா ஓடவிட்டு நிம்மதியாத் தூங்கின சிஸ்டம் அட்மின்கள் எத்தனை ஆயிரம் பேரோ.

ஆக 2000-ங்கற வருசம் பிறக்கும்போது நேரம் குறிக்கற கருவியும் இருந்தது, பொதியைக் கொண்டு வர்ற கருவியும் இருந்தது. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனா பெரும்பாலான வீட்டுக்காரங்க போடல. "நான் கேக்காம என் பொட்டியில எவன் கை வைக்கறது?"ங்கற எண்ணம். நானும் அந்தக் கட்சிதான். அப்புறம் புழுக்கள் வந்துச்சு.

மூணு புழு

ஒண்ணாவது, 'கோட் ரெட்'. மைக்ரோசாஃப்டோட இணைய சர்வர் மென்பொருள்ல ஒரு ஓட்டை. 2001 ஜூன் 18-ஆம் தேதி அதுக்கு பேட்ச் வந்தாச்சு. ஜூலை 19-ஆம் தேதி புழு பரவினப்ப, பதினாலு மணி நேரத்துக்குள்ள 3,59,000 கணினிகள் விழுந்தன. மருந்து கடைக்கு வந்து ஒரு மாசம் ஆயிருந்தது.

ரெண்டாவது, 'ஸ்லாமர்'. 2003 ஜனவரி 25. இது எஸ்க்யூஎல் சர்வரைத் தாக்கற புழு. மொத்த அளவே 376 பைட்டு. இந்தப் பத்தியை விடச் சின்னது! ஆரம்பத்துல எட்டரை செகண்டுக்கு ஒரு தடவை ரெட்டிப்பாச்சு. பத்து நிமிசத்துல, தாக்கக் கூடிய கணினிகள்ல தொண்ணூறு சதவீதம் காலி. பேட்ச் எப்ப வந்தது? 2002 ஜூலையில. ஆறு மாசம் முன்னாடி. மைக்ரோசாஃப்ட் உள்ளேயே பேட்ச் போடாத மிஷின்கள் இருந்து அவங்களும் அடி வாங்கினாங்க. இன்னொரு வேடிக்கை, அந்த எஸ்க்யூஎல் சர்வரோட ஒரு குட்டி வடிவம் வேற பல செயலிகளோட ஒட்டிக்கிட்டுச் சாதாரண மேசைக் கணினிகள்லயும் இருந்தது. தன் பொட்டியில அது இருக்கறதே தெரியாதவன் அதுக்கு எப்படி பேட்ச் போடுவான்?

மூணாவது, 'பிளாஸ்டர்'. இதை மறக்கவே முடியாது. 2003 ஆகஸ்டு 11-ல பரவ ஆரம்பிச்சது. பேட்ச் வந்தது ஜூலை 16. நடுவுல 26 நாள்.

அப்ப நாங்க நாலு பேர் ஒரே ரூம். ஒரே ஒரு பொட்டி, டயல்-அப் மோடம். இணையத்துல இருக்கற ஒவ்வொரு நிமிசமும் போன் பில்லு ஏறும். அதனால அப்டேட்டை அணைச்சு வச்சிருந்தேன். யாரும் சொல்லி இல்ல, நானாவே. மூணு நிமிசத்துல ஜிமெயில் பாக்கற காலம் இல்ல அது, இருக்கற கொஞ்ச நேரத்துல அப்டேட்டு வேற இறங்கினா மெயிலே திறக்காது. ஒரு நாள் சாயங்காலம் கனெக்ட் பண்ணின கொஞ்ச நேரத்துல திரையில ஒரு கட்டம் வந்துச்சு. இன்னும் 60 செகண்டுல அணையப் போறேன்னு எண்ண ஆரம்பிச்சது. 59, 58, 57... அணைஞ்சு, திறந்து, மறுபடி கனெக்ட் பண்ணினா மறுபடியும் 60. ரூம்மேட் ஒருத்தனோட வேலை விண்ணப்பம் அதுல பாதி டைப் அடிச்சபடி இருந்தது. மறுநாள் கடைசித் தேதி. மருந்தை இறக்கறதுக்கு இணையம் வேணும், இணையத்துக்குப் போனா ஒரு நிமிசத்துல பொட்டி சாகுது. கடைசியில தெருமுனை ப்ரவுசிங் சென்டர்ல பேட்சை இறக்கி ஃபிளாப்பியில கொண்டு வந்து போட்டேன். விண்ணப்பத்தை அவன் ராத்திரி முழுக்க முழிச்சு மறுபடி அடிச்சான். என்கிட்ட ரெண்டு நாள் பேசலை. அணைச்சு வச்சது நான்தான்னு அவனுக்குத் தெரியும்.

பிளாஸ்டர் எழுதினவனோட குசும்பைப் பாருங்க. புழு பிடிச்ச பொட்டிகள் எல்லாம் ஆகஸ்டு 16-ஆம் தேதி சேந்து விண்டோஸ் அப்டேட் தளத்தைத் தாக்கணும்னு எழுதி வச்சிருந்தான். நோய் போய் மருந்துக் கடையை அடைக்கற கதை. நல்லவேளையா அவன் குறி வச்ச முகவரி, உண்மையான தளத்துக்கு வழி காட்டற ஒரு பழைய பலகை மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் அந்தப் பலகையைக் கழட்டிட்டுத் தப்பிச்சது.

அதை விடப் பெரிய கூத்து ஒரே வாரத்துல நடந்துச்சு. 'வெல்ச்சியா'ன்னு இன்னொரு புழு வந்து, அதே ஓட்டை வழியா உள்ள நுழைஞ்சு, பிளாஸ்டரைக் கொன்னு, மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து பேட்சை இறக்கிப் போட்டு, பொட்டியை மறுபடி திறந்தும் விட்டுது! கேக்காமலே வந்து மருந்து குடுத்துட்டுப் போன திருடன். ஆனா அது அடுத்த பொட்டியைத் தேடின வேகத்துல பல அலுவலக வலையமைப்புகள் மூச்சு முட்டி நின்னுடுச்சு. நல்ல எண்ணம் மட்டும் போதாது, வர்ற விதமும் முக்கியம்.

மூணு புழுவுக்கும் மருந்து முன்னாடியே வந்தாச்சுங்கறதைக் கவனிச்சீங்களா? மருந்து கண்டுபிடிக்காதது பிரச்சனையே இல்ல. மருந்து வந்த நாளுக்கும் அது நம்ம பொட்டிக்குள்ள போன நாளுக்கும் நடுவுல இருந்த இடைவெளிதான் பிரச்சனை.

செவ்வாய்க்கிழமையும் மூணு மணியும்

2002 ஜனவரியில பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு, இனிமே புது வசதியை விடப் பாதுகாப்புதான் முதல்னு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பிளாஸ்டருக்கு அப்புறம் அது செயலுக்கு வந்தது. 2003 அக்டோபர்ல இருந்து ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வரும்னு நாள் குறிச்சாங்க. எப்ப வரும்னு தெரியாம தினமும் பயந்துட்டு இருந்த அட்மின்களுக்கு ஒரு காலண்டர் கிடைச்சது. ஏன் செவ்வாய்? திங்கள் வாரத்துவக்கக் களேபரம் அடங்கிடும், ஏதாவது புட்டுக்கிச்சுன்னா சரி பண்ண வாரத்துல மிச்ச நாள் இருக்கு. ஆனா புழு எழுதறவங்களுக்கும் அதே காலண்டர்தானே? பேட்சைப் பிரிச்சுப் பாத்தா ஓட்டை எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும். செவ்வாய்க்கு அடுத்த புதன்கிழமைக்கும் பட்டப்பேரு வந்துச்சு. அன்னிக்கு அவங்க முறை.

2004 ஆகஸ்டுல விண்டோஸ் எக்ஸ்பிக்கு ரெண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. தானியங்கி அப்டேட்டைப் போடுங்க போடுங்கன்னு முகத்துக்கு நேரா வந்து கேட்டது. போட்டா, நேரம் விடியக்காலை மூணு மணி. உலகமே தூங்கற நேரம்னு கணக்கு. ஆனா நம்ம வீட்டுப் பொட்டியும் அப்பத் தூங்கிட்டு இருக்குமே? அதனாலதான் 'அப்டேட்டைப் போட்டுட்டு அணைக்கவா?'ன்னு அணைக்கற பொத்தான்லயே கேக்கற வழக்கம் வந்தது. க்ரானுக்கும் அனாக்ரானுக்கும் நடுவுல யூனிக்ஸ்காரங்க பட்ட பாட்டை விண்டோஸ்காரங்களும் பட்டாங்க.

லினக்ஸ்ல இதே காலத்துல 'க்ரான்-ஏபிடி'ன்னு ஒண்ணு இருந்தது. விடியக்காலை நாலு மணிக்கு ஓடும். ஆனா தன்னிஷ்டத்துக்கு எதையும் நிறுவாது. பொதியை இறக்கி வச்சுட்டு, "ஐயா, இவ்வளவு வந்திருக்கு"ன்னு மெயில் அனுப்பிட்டு நிக்கும். போடறதும் விடறதும் நம்ம முடிவு. மரியாதையான வேலைக்காரன். அதுக்கப்புறம் உபுண்டு பக்கத்துல இருந்து மைக்கேல் வோக்ட் எழுதின 'அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்' வந்தது. ஆள் இல்லாமலே நிறுவிடும், ஆனா வழக்கமாப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும்.

2008 செப்டம்பர்ல வந்த குரோம் உலாவி ஒரு படி மேல போச்சு. கேக்கவே கேக்காது, சொல்லவும் சொல்லாது. அடுத்த வருசம் கூகிள் சுவிட்சர்லாந்துலயும் சூரிச் இடிஹெச்-லயும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பாத்தப்ப, புதுப் பதிப்பு வந்து 21 நாளுக்குள்ள குரோம் பயன்படுத்தறவங்கள்ல 97 சதவீதம் பேர் மாறியிருந்தாங்க. கேட்டுட்டுப் போடற ஃபயர்ஃபாக்ஸ்ல 85 சதவீதம். மனுசனைக் கேட்டா அவன் 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்றான். நானும்தான்.

அப்பாடா, கதை முடிஞ்சதுன்னு நினைச்சா...

சாவியைக் குடுத்த அப்புறம்

இடைவெளியைக் குறைக்கணும்னா வீட்டுச் சாவியைக் குடுக்கணும். சாவியைக் குடுத்தா என்ன ஆகும்னும் வரலாறு சொல்லுது.

2006-ல டெபியன்ல ஓபன்எஸ்எஸ்எல் பொதியில ஒரு சின்னத் திருத்தம் போட்டாங்க. அதனால ரகசியச் சாவி உருவாக்கும்போது கலக்க வேண்டிய சீரற்ற எண்கள் எல்லாம் போய், வகைக்கு 32,768 சாவிதான்னு ஆயிடுச்சு. ஊகிச்சே திறந்துடலாம். 2008 மே மாசம் கண்டுபிடிக்கற வரைக்கும் அது சாதாரண அப்டேட்டாவே எல்லார் பொட்டிக்கும் போயிருந்தது.

2010 ஏப்ரல் 21-ல மெக்காஃபி வைரஸ் தடுப்பானோட தினசரி அப்டேட் ஒண்ணு, விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த உறுப்பு ஒண்ணையே வைரஸ்னு நினைச்சுத் தூக்கிடுச்சு. பொட்டிகள் மாறி மாறி அணைஞ்சு திறந்துச்சு. 2012-ல பிடிபட்ட 'ஃபிளேம்', மைக்ரோசாஃப்ட் கையெழுத்தைப் போலியாப் போட்டு விண்டோஸ் அப்டேட் வேசத்துலயே பரவினது. 2017 ஜூன் 27-ல 'நாட்பெட்யா', உக்ரைன்ல கணக்கு எழுதற ஒரு மென்பொருளோட அப்டேட் சர்வர் வழியாவே கிளம்பி உலகத்தைச் சுத்துச்சு. ஒழுங்கா அப்டேட் போட்டவன்தான் அங்க முதல்ல விழுந்தான்!

அப்ப அப்டேட்டே வேண்டாம்னு விட்டுடலாமா? அதுக்கு ஒண்ணரை மாசம் முன்னாடி, அதே 2017 மே 12-ல வந்தது 'வானாக்ரை'. பேட்ச் மார்ச் 14-லயே வந்தாச்சு, 59 நாள். போடாதவங்க மாட்டினாங்க. இங்கிலாந்துல அரசு மருத்துவமனைகள்ல ஆயிரக்கணக்கான நோயாளிகளோட அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. அது பொட்டிப் பிரச்சனை இல்ல மக்கா, யாரோ ஒருத்தரோட ஆபரேசன் தேதி.

வீட்டுக்காரன் பொறுமையும் சோதிக்கப்பட்டுச்சு. 2015-ல வந்த விண்டோஸ் 10 வீட்டுப் பதிப்புல அப்டேட்டை அணைக்கற பொத்தானையே எடுத்துட்டாங்க. கேக்காம மேம்படுத்தினதுல தன் அலுவலகக் கணினி கெட்டுப் போச்சுன்னு கலிஃபோர்னியாவுல ஒரு அம்மா வழக்குப் போட்டு பத்தாயிரம் டாலர் வாங்கினாங்க. 2018 அக்டோபர்ல வந்த பெரிய அப்டேட் சிலரோட சொந்தக் கோப்புகளையே அழிச்சுட, அதை நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. 2019-ல ஒரு வழியா, வீட்டுக்காரங்களும் 35 நாள் வரைக்கும் தள்ளிப் போடலாம்னு வழி விட்டாங்க.

எல்லாத்துக்கும் உச்சம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளோட ஒரு சின்னத் தகவல் கோப்பு, நம்ம நேரத்துக்குக் காலை 9:39-க்குக் கிளம்புச்சு. 78 நிமிசத்துல திருப்பி வாங்கிட்டாங்க. அதுக்குள்ள 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் நீலத் திரையோட நின்னுடுச்சு. நம்ம விமான நிலையங்கள்லயே போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? விசயம் என்னன்னா, அந்த மென்பொருளோட புதுப் பதிப்பைத் தள்ளிப் போட வாடிக்கையாளருக்கு வசதி இருந்தது. ஆனா இந்த மாதிரித் தகவல் கோப்புக்கு அந்த வசதி அப்ப இருக்கல. 'எப்ப'ங்கற முடிவு அவங்க கையில இல்ல. எல்லாருக்கும் ஒரே நிமிசம்.

இதுக்கு நேர் எதிரா அதே வருசம் மார்ச்சுல நடந்தது 'எக்ஸ்இசட்' விவகாரம். சுருக்கற நிரல் ஒண்ணுல யாரோ வேணும்னே கள்ளக் கதவு வச்சுட்டாங்க. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை செகண்டு தாமதமாகுதேன்னு சந்தேகப்பட்டு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கற பொறியாளர் அதைக் கண்டுபிடிச்சார். அப்ப அந்தப் பொதி டெபியனோட சோதனைக் கிளைகள்ல மட்டும்தான் இருந்தது. நிலையான பதிப்புல இல்ல. கொஞ்சம் காத்திருந்து வாங்கற பழக்கம்தான் லட்சக்கணக்கான சர்வர்களைக் காப்பாத்துச்சு.

அப்பாவோட பொட்டி

ரொம்பத் தள்ளிப் போட்டா புழு. எல்லாரும் ஒரே நிமிசத்துல போட்டா நீலத் திரை. நடுவுல இருக்கற சின்னச் சந்துலதான் நல்ல அப்டேட் போகணும்.

டெபியன் குடும்பம் இதைக் கொஞ்சம் பணிவாவே கத்துக்கிச்சு. எல்லாப் பொட்டியும் 6:25-க்கே களஞ்சியத்தைத் தட்டினா அது தாங்காதுன்னு, முதல்ல அரை மணி நேரம் வரைக்கும் ஏதோ ஒரு தாமதத்தைச் சேத்தாங்க. சிஸ்டம்டி வந்த அப்புறம் காலை ஆறு, சாயங்காலம் ஆறுன்னு ரெண்டு நேரம் வச்சு, அதுக்கு மேல பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் குலுக்கிப் போட்ட தாமதம். விட்டுப் போனதை அடுத்த தடவை திறக்கும்போது பாத்துக்கற வசதியும் உண்டு. பேட்டரியில ஓடினா நிறுவாது. உபுண்டுல சாதாரணத் திருத்தங்களைக் கொஞ்சம் கொஞ்சம் பேருக்காத் தவணை முறையில விடறாங்க. முதல் தவணையில அடி விழுந்தா அடுத்த தவணை நிக்கும்.

இப்ப அப்பா கதைக்கு வர்றேன். பதினொரு நாளா ஏன் ஓடலை? அந்தப் பன்னிரண்டு மணி நேரக் குலுக்கல்தான். விட்டுப் போன வேலையைப் பொட்டி திறந்ததும் ஓட்டும், ஆனா அதுக்கும் அந்தத் தாமதம் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதுசாக் குலுக்கும். நாள் முழுக்கத் திறந்திருக்கற பொட்டிக்குப் பிரச்சனை இல்ல. அப்பா ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம்தான் திறப்பார். சீட்டு ஏழு மணி நேரம், நாலு மணி நேரம்னு விழுந்தா அதுக்குள்ள அவர் சுவத்து ஸ்விட்சை அணைச்சிருப்பார். களஞ்சியத்துக்கு நல்லதுன்னு செஞ்சது அவருக்கு ஒத்து வரலை.

அந்தக் கேள்வி ஏன் வந்துச்சு? அமைப்புக் கோப்பு ஒண்ணை வீட்டுக்காரர் மாத்தியிருந்தா, புதுப் பொதி அதை மிதிக்காம, "உங்களோடதை வச்சுக்கவா, என்னோடதைப் போடவா?"ன்னு கேக்கும். தானா ஓடியிருந்தா, பதில் சொல்ல ஆள் இல்லாததால அந்தப் பொதியை மட்டும் தொடாம ஒதுக்கி வச்சிருக்கும். அப்பா கையால அமுக்கினதால அவர்கிட்டக் கேட்டுருச்சு. சரி, அந்தக் கோப்பை மாத்தினது யாரு? ரெண்டு வருசம் முன்னாடி பிரிண்டர் வேலை செய்யலைன்னு வந்து கை வச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாமப் போன புண்ணியவான் நான்தான் :-)

அன்னிக்கு ராத்திரியே மாத்திட்டேன். தாமதத்தை இருபது நிமிசமாக் குறைச்சாச்சு. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தானாப் போகும். மத்தது எல்லாம் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நான் உள்ள நுழைஞ்சு பாத்துப் போடறேன். மறுபடி திறக்கணும்னா பொட்டி தானாத் திறக்காது, அப்பா ராத்திரி எப்படியும் அணைக்கத்தான் போறார்.

அப்பாகிட்டச் சொன்னேன். "இனிமே எதுவும் கேக்காதுப்பா."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "கேக்காம செய்யறது சரி. செஞ்சது என்னன்னாவது யாராச்சும் சொல்லணும்ல?"

நாப்பது வருசம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு பாத்தவர். நியாயம்தானே? இப்ப ஒவ்வொரு தடவையும் என்ன போட்டதுன்னு ஒரு மெயில் அவருக்குப் போகுது. ஒரு வரி புரியாது. ஆனா தவறாமப் படிக்கறார். ரெண்டு நாள் மெயில் வரலைன்னா போன் வருது: "டேய், உன் ஆளு லீவா?"

பி.கு: தானியங்கி அப்டேட் போட்டு வச்சிருக்கற மக்கள் இன்னிக்கே லாக்கைத் திறந்து கடைசியா எந்தத் தேதி ஓடுச்சுன்னு ஒரு தடவை பாத்துடுங்க. போட்டு வச்சிருக்கோம்ங்கற நினைப்பு வேற, அது ஓடறது வேற. அப்படியே முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குல ஒரு நகல் எடுத்து வச்சுக்குங்க. எந்த மருந்தும் நூத்துல ஒரு தடவை ஒத்துக்காமப் போகும்.